கொடைக்கானலும் கஞ்சாவும்: ஹோம்ஸ்டே நடத்துவோருக்கு ஒரு பக்கத் தாளில் எதை எழுதலாம்?

பெருமாள்மலை_விடுதி

சீசனுக்கு முன்னால் பெருமாள்மலை, வில்பட்டி, பள்ளங்கி பக்கம் ஹோம்ஸ்டே நடத்துபவர்களுக்கு ஒரு பக்கத் தாள் அடித்துக் கொடுக்கப் போகிறோம். மண்டை ஓட்டுப் படம் போட்டு "போதை உயிரைக் குடிக்கும்" என்று ஒட்டினால் எவரும் நின்று படிப்பதில்லை. வேலைக்கு இருக்கும் பையனுக்கும் சமையல் அக்காவுக்கும் புரிகிற மாதிரி வேண்டும். அறையில் ஒருவர் சுருண்டு கிடந்தால் முதலில் என்ன செய்வது, எப்போது 108, மறுநாள் காலையில் அந்த ஆளே வண்டியை எடுத்துக்கொண்டு மலை இறங்கலாமா. இந்த மூன்றுக்கும் விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். "போலீசைக் கூப்பிடு" என்ற ஒற்றை வரிப் பதில் மட்டும் வேண்டாம்.

அவசரப்பிரிவு

எவ்வளவு எடுத்தார் என்று கேட்டால் உருப்படியான பதில் வராது. ஊதினாரா, சாப்பிட்டாரா, எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

புகையாகப் போனால் சில நிமிடங்களில் ஏறும், அரை மணிக்குள் உச்சம், இரண்டிலிருந்து நான்கு மணி நேரத்தில் பெரும்பாலும் இறங்கிவிடும். சாக்லேட், குக்கீ, கேக்காக வயிற்றுக்குள் போனால் அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் வரை ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம். கல்லீரல் டி.எச்.சி.யை (கஞ்சாவில் போதை தரும் பொருள்) 11-ஹைட்ராக்சி டி.எச்.சி. என்ற பொருளாக மாற்றுகிறது. அதற்கும் போதை உண்டு, மூளைக்குள் சுலபமாகவும் நுழையும். உச்சம் இரண்டிலிருந்து நான்கு மணி நேரத்தில் வரும். மொத்தம் ஆறு மணி நேரம், சிலருக்குப் பன்னிரண்டு மணி நேரம்கூட இழுக்கும்.

தப்பு நடப்பது இந்த இடைவெளியில்தான். ஒரு துண்டு சாப்பிட்டு முக்கால் மணி நேரம் பார்ப்பார்கள், "ஏறலையே" என்று இன்னும் இரண்டு துண்டு போடுவார்கள். மூன்றும் சேர்ந்து தலைக்கு ஏறும்போது நடுராத்திரி ஆகியிருக்கும், விடுதியில் எல்லாரும் தூங்கியிருப்பார்கள்.

அளவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஆராய்ச்சிகளில் ஒரு அலகு என்று வைத்திருப்பது 5 மில்லிகிராம் டி.எச்.சி. கனடாவில் சட்டப்படி விற்கும் தின்பண்டத்தில் ஒரு முழுப் பொட்டலத்துக்கே 10 மில்லிகிராம்தான் உச்சவரம்பு. 5 சதவீத வீரியமுள்ள 10 கிராம் சரக்கில் 500 மில்லிகிராம் இருக்கும். அதை இருபது துண்டில் சமமாகக் கலந்தாலும் துண்டுக்கு 25, அதாவது ஐந்து அலகு. கையால் கிளறிய சாக்லேட்டில் சமமாக எங்கே கலக்கிறது? ஒரு துண்டில் ஒன்றும் இருக்காது, பக்கத்துத் துண்டில் இரண்டு மடங்கு இருக்கும். சுவையை வைத்துக் கண்டுபிடிக்கவும் முடியாது.

வட்டக்கானல்_மூடுபனி

எல்லாம் சரி, கொஞ்சம் அளவோடு பயமுறுத்துங்கள். கஞ்சா மட்டும் அதிகமாகி மூச்சு நின்று செத்த பெரியவர் என்று யாரையாவது காட்ட முடியுமா? டாஸ்மாக் சரக்கோடு ஒப்பிட்டால் இது எந்த மூலைக்கு? 1893-94 இந்தியக் கஞ்சா ஆணையமே அளவான பழக்கத்தால் பெரிய கேடு இல்லை என்றுதான் எழுதியது. 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையம் கஞ்சாவை நான்காம் அட்டவணையிலிருந்து (மிகக் கடுமையான கட்டுப்பாட்டுப் பட்டியல்) எடுத்தபோது இந்தியாவும் ஆதரித்து ஓட்டுப் போட்டது.

அவசரப்பிரிவு

பெரியவர்கள் விஷயத்தில் நீங்கள் சொன்னது பெரும்பாலும் சரி. மூச்சை இயக்கும் மூளைத்தண்டுப் பகுதியில் கஞ்சாவுக்கான ஏற்பிகள் மிகக் குறைவு. அபின் வகையைப் போல இது மூச்சை அடக்குவதில்லை. சாராயத்தால் நாட்டுக்கு வரும் கேடு இதைவிடப் பல மடங்கு என்பதிலும் சண்டை இல்லை.

ஆனால் அந்த ஐ.நா. ஓட்டு மருத்துவப் பயன்பாட்டை ஒட்டியது. 1961 ஐ.நா. போதைப்பொருள் ஒப்பந்தத்தின் முதல் அட்டவணையில் கஞ்சா இன்றும் இருக்கிறது. 1893-94 ஆணையம் பார்த்த சரக்கும் இன்றைய சரக்கும் ஒன்றல்ல. அமெரிக்காவில் பிடிபட்ட சரக்கைச் சோதித்ததில் 1995இல் சுமார் 4 சதவீதமாக இருந்த டி.எச்.சி. 2014இல் சுமார் 12 ஆகிவிட்டது.

சிறு பிள்ளைகளுக்கு உங்கள் வாதம் செல்லாது. மேசையில் கிடக்கும் சாக்லேட்டை மூன்று வயதுக் குழந்தை ஒரு துண்டோடு விடாது. உடல் எடைக்கு அது பெரிய அளவு. நடை தள்ளாடும், உடல் துவண்டு போகும், எழுப்ப முடியாத தூக்கம் வரும், சிலருக்கு மூச்சே மந்தமாகி செயற்கைச் சுவாசம் வரை போகும். ஒரு நாளுக்கு மேல்கூட நீடிக்கும். முறிவு மருந்து கிடையாது. கொடைக்கானல் என்றாலே வீட்டுச் சாக்லேட், எல்லா அறையிலும் ஒரு டப்பா இருக்கும். குழந்தை அதில் சந்தேகமான எதையாவது தின்றது என்றால், நன்றாக விளையாடிக்கொண்டிருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். மீதித் துண்டையும் உறையையும் கூடவே எடுத்துப் போங்கள். பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் பக்கம் இருப்பவர்கள் "கொஞ்ச நேரம் பார்க்கலாம்" என்று உட்காரவே கூடாது. பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் கொடைக்கு வந்து சேர்ந்துவிடலாம்.

ஜீப்_ஸ்டாண்ட்

108 எப்போது, அதைச் சொல்லுங்க மேடம். தாள்ல போடுறதுக்கு.

அவசரப்பிரிவு

சத்தமாகக் கூப்பிட்டு, தோளைத் தட்டி, கண் திறக்கவில்லை. மூச்சு நிமிடத்துக்குப் பத்துக்குக் கீழே. வலிப்பு. நெஞ்சு வலி. உட்கார வைத்து அரை மணி ஆகியும் நாடி 130க்குக் குறையவில்லை. தண்ணீர்கூடத் தங்காத வாந்தி. தன்னையோ மற்றவரையோ அடிக்கப் போகிறார். குழந்தை அல்லது கர்ப்பிணி. இதில் ஒன்று இருந்தாலும் 108.

வெறும் பயமும் படபடப்பும் என்றால் ("செத்துப்போயிடுவேன்"னு கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள்) விளக்கைக் குறைத்து, பாட்டை நிறுத்தி, ஒரே ஆள் பக்கத்தில் உட்கார்ந்து "சாப்பிட்ட பொருள்தான் இப்படிப் பண்ணுது, இத்தனை மணிக்குள்ள இறங்கிடும்" என்று நேரத்தைச் சொல்லுங்கள். கூட்டம் கூடி நின்று வீடியோ எடுத்தால் பயம் ஏறும். தூக்கம் வந்தால் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், மல்லாக்க வேண்டாம். வாந்தி மூச்சுக்குழலுக்குள் போய்விடும். படுத்தவர் சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் விழும். மலை வீடுகளில் கழிப்பறைக்குப் போகக் கல்படி இறங்க வேண்டியிருக்கும். மண்டை உடைவது பெரும்பாலும் அங்கேதான்.

சோலைக்காடு

மயக்கத்தில் இருப்பவரெல்லாம் கஞ்சா கேஸ் இல்லை. இந்த மலையில் இன்னும் இரண்டு உண்டு, தாளில் அதற்கு இடம் விடுங்கள்.

ஒன்று கரிப்புகை. குளிருக்கு அறைக்குள்ளே கரி அடுப்பையோ பார்பிக்யூ தட்டையோ வைத்துக் கதவைச் சாத்திவிட்டால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை கிடையாது. தலைவலி, குமட்டல், தள்ளாட்டம், தூக்கம் என்று பார்ப்பதற்குப் போதை மாதிரியே இருக்கும். ஒரே அறையில் எல்லாருமே துவண்டு கிடந்தால், ஒன்றும் எடுக்காதவரும் அதில் இருந்தால், முதலில் கதவு ஜன்னலைத் திறந்து எல்லாரையும் வெளியே இழுங்கள், அடுப்பைத் தேடுவது பிறகு. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை நம்ப வேண்டாம். மோனாக்சைடு ஒட்டிய ரத்தத்தையும் அது ஆக்சிஜன் உள்ளதாகவே காட்டும், 97, 98 என்று நிற்கும்.

இரண்டாவது, வேலியோரம் மஞ்சள், வெள்ளை, இளஞ்சிவப்பில் தலைகீழாகத் தொங்கும் பெரிய குழல் பூ. ஊமத்தையின் உறவு. "இயற்கைப் போதை" என்று யாராவது சொல்லி அதைக் கொதிக்க வைத்துக் குடிக்கும் முட்டாள்தனம் உண்டு. கஞ்சாவில் கண் சிவக்கும், ஆள் பெரும்பாலும் சொன்னதைக் கேட்பார். ஊமத்தை வகையில் கண்மணி அகலமாக விரிந்திருக்கும், வாயும் தோலும் காய்ந்து உடம்பு சுடும், சிறுநீர் அடைக்கும், இல்லாத ஆளோடு பேசுவார். இது நிஜமாகவே உயிரை வாங்கும். விடியும் வரை வைத்திருக்கக் கூடாது.

காளான் பேச்சைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம். ஒரு வரி மட்டும்: சாப்பிட்டு ஆறு மணி நேரம் கழித்து வாந்தி பேதி தொடங்கினால் அது கல்லீரலைத் தின்னும் காளானாக இருக்கலாம். நடுவில் ஒரு நாள் நன்றாக இருப்பதுபோலத் தெரியும், ஏமாறாதீர்கள்.

பெருமாள்மலை_விடுதி

அந்தப் பூச்செடி எங்கள் வாசலிலேயே நிற்கிறது. கரி அடுப்பு விஷயத்தைத் தாளின் தலைப்பிலேயே போட்டுவிடுகிறேன்.

ஜீப்_ஸ்டாண்ட்

வண்டி விஷயம் நான் சொல்றேன். ராத்திரி பத்து மணிக்குச் சாப்பிட்டவன் காலையில அஞ்சு மணிக்கு "கூட்டம் வர்றதுக்குள்ள இறங்கிடலாம்"னு சாவி எடுப்பான். கணக்குப் போட்டா ஏழு மணி நேரம்தான் ஆச்சு, இன்னும் உடம்புல இருக்கு. ஊதினவன் குறைஞ்சது ஆறு மணி நேரம் தொடக் கூடாதுன்னு கனடா வழிகாட்டி சொல்லுது. சாப்பிட்டவனுக்கு நம்ம ரோட்டுல பன்னெண்டு மணி நேரம்னு எழுதுங்க. கூடவே குடிச்சிருந்தா அன்னைக்கு ஓட்டவே வேணாம். ரெண்டும் சேர்ந்தா தனித்தனியா வர்ற தடுமாற்றத்தைவிட அதிகம்.

கஞ்சா போட்டவன் வேகமாப் போக மாட்டான், அதனால சேஃப்னு ஒரு பேச்சு இருக்கு. மெதுவாத்தான் போவான், ஒத்துக்கறேன். ஆனா கோட்டுக்குள்ள வண்டிய வச்சிருக்க முடியாது, ஒரே நேரத்துல ரெண்டு வேலையப் பார்க்க முடியாது, தூரமும் நேரமும் தப்பாத் தெரியும். நேர் ரோட்டுல சமாளிச்சிடலாம். டம்டம் பாறைக்கு மேல மூடுபனியில, வளைவுல எதிர்ல பஸ் ஏறி வரும்போது கியர், பிரேக், ஸ்டியரிங், ஹாரன் நாலையும் சேர்த்துப் பார்க்கணும். அங்கதான் மாட்டும்.

சட்டத்துணை

ஊதச் சொல்லும் மெஷினில் கஞ்சா தெரியாது என்பதால் தப்பித்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 185ஆம் பிரிவு மதுவுக்கு மட்டுமானதில்லை, வண்டியைக் கட்டுப்படுத்த முடியாத அளவுக்குப் போதைப்பொருள் எடுத்தவருக்கும் சேர்த்துத்தான். முதல் முறை ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

விடுதிக்காரர்கள் கவனிக்க வேண்டியது போதைப்பொருள் சட்டத்தின் 25ஆம் பிரிவு. தெரிந்தே தன் இடத்தை விட்டுக்கொடுத்தால் அந்தக் குற்றத்துக்கு என்ன தண்டனையோ அதுவே இடத்தின் சொந்தக்காரருக்கும். "தெரிந்தே" என்பதுதான் முக்கியம். மயங்கியவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியதற்காக யாரும் இதில் மாட்டுவதில்லை. விஷம் சாப்பிட்ட கேஸ் போல எம்.எல்.சி. (போலீசுக்குத் தகவல் போகும் மருத்துவப் பதிவு) போடுவது ஆஸ்பத்திரி வழக்கம், அதற்குப் பயந்து இரவு முழுவதும் அறையிலேயே வைத்திருந்து ஏதாவது ஆகிவிட்டால் அதுதான் உண்மையான தலைவலி. பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவருக்குக் கொடுத்தால் சிறார் நீதிச் சட்டம் 77ஆம் பிரிவு, ஏழு ஆண்டு வரை கடுங்காவல்.

மனநலம்_மதுரை

சுற்றுலாப் பயணி இரண்டு நாளில் போய்விடுவார். உள்ளூர்ப் பிள்ளைகளைப் பற்றி யாரும் இன்னும் எழுதவில்லை.

ஒரு இரவு பயந்து நடுங்குவதையும் மனநோயையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. போதையில் வரும் சந்தேகம், பயம், காதில் குரல் எல்லாம் போதை இறங்க இறங்கக் குறைய வேண்டும். சாப்பிட்டதாக இருந்தாலும் ஒரு நாளில் தெளிவு வர வேண்டும். இரண்டாம் நாளும் "எல்லாரும் என்னையே பேசுறாங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டால், தூக்கமே இல்லாமல் நடந்துகொண்டிருந்தால், மனநல மருத்துவரிடம் காட்ட வேண்டிய நேரம். இந்தக் கட்டத்தில்தான் காத்து கருப்பு என்று கோடாங்கியிடம் கூட்டிப்போய் மாதக்கணக்கில் காலம் போகிறது. சாமி கும்பிடுவதை யாரும் தடுக்கவில்லை. மாத்திரையும் கூடவே நடக்கட்டும்.

எண்கள்: ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் 11 இடங்களில் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், தினமும் பயன்படுத்துபவருக்கு மனச்சிதைவு வகை நோய் வரும் வாய்ப்பு சுமார் மூன்று மடங்கு. 10 சதவீதமோ அதற்கு மேலோ வீரியமுள்ள சரக்கைத் தினமும் எடுப்பவருக்குக் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. டென்மார்க்கில் கஞ்சாவால் மனநோய் என்று அனுமதிக்கப்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, ஏறக்குறையப் பாதிப்பேருக்குப் பிற்காலத்தில் மனச்சிதைவோ இருதுருவ நோயோ வந்தது. எனவே "தெளிஞ்சிடுச்சு" என்று அதோடு விட்டுவிடக் கூடாது. வீட்டில் அப்பா, சித்தப்பா, அக்கா என்று யாருக்காவது அந்த நோய் இருந்திருந்தால் அந்தப் பிள்ளைக்கு ஒரு இழுப்பும் வேண்டாம்.

வட்டக்கானல்_மூடுபனி

அந்த மூன்று மடங்கு, ஐந்து மடங்கு எல்லாம் தொடர்பு, காரணம் என்று நிரூபணமில்லை. ஏற்கெனவே மனம் சரியில்லாதவர்தான் கஞ்சாவைத் தேடிப் போகிறார் என்றும் சொல்லலாமே. பள்ளிக்கூடத்தில் பேச வருபவர்கள் "ஐ.க்யூ. எட்டுப் புள்ளி குறையும்" என்று சொல்வதும் அரைகுறை.

மனநலம்_மதுரை

ஐ.க்யூ. பற்றி நீங்கள் சொல்வது சரி. நியூசிலாந்தின் டனிடின் ஆய்வு 2012இல் அந்த எண்ணைச் சொன்னது, அதுவும் பதின்வயதில் தொடங்கிப் பல ஆண்டு அடிமைப்பட்டவர்களுக்கு. 2016இல் இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வில், பயன்படுத்திய பிள்ளைக்கும் பயன்படுத்தாத உடன்பிறந்த இரட்டைக்கும் அப்படி வித்தியாசம் தெரியவில்லை. ஆக அந்த எட்டைத் தாளில் போடாதீர்கள். ஒரு பொய்யைப் பிள்ளைகள் பிடித்துவிட்டால் மீதி உண்மையையும் கேட்க மாட்டார்கள்.

மனநோய் விஷயம் அவ்வளவு லேசாகத் தள்ள முடியாது. அளவு கூடக் கூட, வீரியம் கூடக் கூட ஆபத்தும் கூடுகிறது. இரண்டு திசையிலும் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் ஏற்கெனவே நோய் வந்தவர் தொடர்ந்து எடுத்தால் திரும்பத் திரும்ப நோய் தலைதூக்குகிறது என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு கிடையாது.

அடிமைப்படுவது: பயன்படுத்துபவர்களில் சுமார் 9 சதவீதம். பதின்வயதில் தொடங்கினால் ஆறில் ஒருவர். நிறுத்தினால் ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் எரிச்சல், தூக்கமின்மை, வியர்வை, பசியின்மை, கெட்ட கனவு. முதல் வாரம்தான் மோசம், இரண்டு மூன்று வாரத்தில் அடங்கும். "நிறுத்தினால் பையன் முரடனாயிடுறான், அதனால கொஞ்சமா குடுத்துடறோம்" என்று அம்மாக்கள் சொல்வது இந்த முதல் வாரத்தைப் பார்த்துத்தான். அடங்குவதற்கு முன்னாலேயே கைவிட்டுவிடுகிறார்கள்.

வத்தலக்குண்டு_மருந்தகம்

இரண்டு விஷயம் யாரும் தொடவில்லை.

நம்மூரில் பெரும்பாலும் பீடியையோ சிகரெட்டையோ உதிர்த்துப் புகையிலையோடு கலந்து ஊதுகிறார்கள். கஞ்சாவை விட்ட பிறகும் நிக்கோட்டின் விடாது. பிடித்து இழுப்பது புகையிலை, பழி மட்டும் கஞ்சாவுக்கு. நிறுத்த உதவி கேட்பவருக்கு நிக்கோட்டின் சூயிங்கமும் சேர்த்து யோசிக்காவிட்டால் ஒரே வாரத்தில் திரும்பிவிடுவார். ஒரே சிலும்பியை நாலு பேர் சுற்றி இழுப்பதில் காசநோய் பரவ வழி இருக்கிறது. மூடுபனி ஈரத்தில் பொட்டலத்தில் பூஞ்சை பிடிக்கும். ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் வித்துகள் எல்லாமே நெருப்பில் செத்துவிடுவதில்லை. ஸ்டீராய்டு எடுப்பவர், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர், சிறுநீரகம் மாற்றியவர் ஆகியோருக்கு நுரையீரலில் அது ஆபத்து.

இரண்டாவது, தீராத வாந்தி. வருடக்கணக்கில் தினமும் ஊதுபவருக்கு மாதம் ஒரு முறை, இரு முறை என்று வயிற்று வலியோடு வாந்தி வரும். 2004இல் ஆஸ்திரேலியாவில்தான் இதைக் கஞ்சாவோடு சேர்த்து விவரித்தார்கள். அடையாளம்: சுடுதண்ணீரில் குளித்தால் நிம்மதி, அதனால் ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை குளிப்பார். கொடைக் குளிரில் சுடுதண்ணீர்க் குளியலை யார் சந்தேகப்படப் போகிறார்கள்? அல்சர் என்று எண்டாஸ்கோப்பி வரை போய்வருவார்கள். வாந்தியை நிறுத்தும் ஆண்டான்செட்ரான் மாத்திரை பலருக்கு வேலை செய்யாது. மிளகாய்ச் சத்துள்ள கேப்சைசின் களிம்பை வயிற்றின் மேல் தடவினால் சிலருக்குக் கேட்கும், கண்ணில் கை படாமல். தண்ணீர்ச்சத்து வற்றிச் சிறுநீரகம் கெடும், டிரிப்ஸ் ஏற்ற வேண்டும். குணமாக ஒரே வழி நிறுத்துவது. "வாந்திக்கு நல்லது" என்று மறுபடியும் ஊதுவதுதான் கொடுமை.

வார்ஃபரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) எடுக்கும் இதய நோயாளிக்குக் கஞ்சாவும் சேர்ந்தால் ஐ.என்.ஆர். (ரத்தம் உறையும் நேரத்தின் அளவீடு) ஏறி ரத்தக்கசிவு வரலாம். குளோசபின், ஓலன்சபின் என்ற மனநோய் மருந்துகளை எடுப்பவர் புகையைச் சட்டென்று நிறுத்தினால் ரத்தத்தில் மருந்தின் அளவு கூடும், மருத்துவரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். ஊதிய முதல் ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு ஆபத்து சுமார் ஐந்து மடங்கு என்று 2001இல் ஒரு ஆய்வு வந்தது. கொடை 2,100 மீட்டர் உயரம், காற்றில் ஆக்சிஜன் கீழே உள்ளதைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்தவர் இங்கே வந்து "சும்மா ஒரு இழுப்பு" என்பது நல்ல யோசனை இல்லை.

பண்ணைக்காடு_தாய்

மெடிக்கலில் கிடைக்கும், கஞ்சா சோதிக்கும் சிறுநீர்ப் பட்டையை வாங்கிப் பையனைச் சோதிக்கலாமா? எத்தனை நாள் வரை காட்டும்?

வத்தலக்குண்டு_மருந்தகம்

வழக்கமான பட்டை, சிறுநீரில் மில்லிலிட்டருக்கு 50 நானோகிராம் கஞ்சாக் கழிவு இருந்தால் காட்டும். ஒரே முறை எடுத்தவருக்கு மூன்று நான்கு நாள் வரை, தினமும் எடுப்பவருக்கு ஒரு மாதம் வரைகூடக் காட்டும், கொழுப்பில் தங்குவதால். அதனால் பாசிட்டிவ் என்று வந்தால் இன்று போதையில் இருக்கிறான் என்று அர்த்தமில்லை. விட்டு இரண்டு வாரம் ஆன பையனையும் பொய்யன் ஆக்கிவிடும். தெரியாமல் எடுத்துச் சோதிக்க வேண்டாம் அக்கா, சொல்லிவிட்டுச் செய்யுங்கள். 14446 போதை மீட்பு உதவி எண், 14416 மனநல உதவி எண். இரண்டும் கட்டணமில்லை, 14416இல் தமிழில் பேசலாம்.

சட்டத்துணை

அக்காவுக்கு இன்னொன்று. அடிமைப்பட்டவர் சிறு அளவு வைத்திருந்தோ பயன்படுத்தியோ வழக்கில் மாட்டினாலும், தானாக முன்வந்து அரசு அல்லது அரசு அங்கீகரித்த மையத்தில் சிகிச்சை எடுத்தால் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு வழக்கிலிருந்து பாதுகாப்புத் தருகிறது. பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு போகலாம். கஞ்சாவுக்குச் சிறு அளவு என்பது ஒரு கிலோ வரை.

பெருமாள்மலை_விடுதி

வரைவு எழுதிவிட்டேன். "முதலுதவி" என்ற இடத்தில் எங்கள் ஆட்கள் சொன்னதைச் சேர்த்திருக்கிறேன்: எலுமிச்சைச் சாறு, மோர், முடியாவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது. சரியா?

அவசரப்பிரிவு

உப்புத் தண்ணீரை அடித்துவிடுங்கள். ரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்பு வரும், குழந்தைக்கு உயிர் ஆபத்து. அரைமயக்கத்தில் வாந்தி எடுக்க வைத்தால் அது நுரையீரலுக்குள் போகும். விரலைத் தொண்டைக்குள் விடுவதும் வேண்டாம். எலுமிச்சையும் மோரும் போதையை இறக்காது. நன்றாக விழித்து உட்கார்ந்திருப்பவர் கேட்டால் மோர் குடிக்கட்டும், தூங்குபவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. "நல்லாத் தூங்கட்டும்" என்று தூக்க மாத்திரை கொடுப்பதையும் தனி வரியில் தடை போடுங்கள். படுத்திருப்பவரை அரை மணிக்கு ஒரு முறை எழுப்பிப் பார்க்க வேண்டும். யார் எத்தனை மணிக்குப் பார்த்தார் என்று எழுத, தாளின் அடியில் நாலு காலிக் கோடு விட்டு அச்சடியுங்கள்.